முதல் ஆட்டத்திலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்: பிளே-ஆஃப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இரவு எட்டரைக்குத் தொடங்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடர் ஆட்டம் நமக்குக் காலை ஆறு மணி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிறோமே, உடனே முடிவு தெரிந்தாக வேண்டும் நமக்கு. ஒரே ஆட்டத்தை வைத்துத் தொடருக்கே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

பிளே-ஆஃப் என்பது சீசன் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள். ஒவ்வொரு தொடரிலும் ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டும். முதல் இரண்டும் சீசனில் முந்திய அணியின் ஊரில் நடக்கும். அவர்கள் 2-0 என்று வந்தால் சொந்த ஊரில் தோற்கவில்லை, அவ்வளவுதான். 2016இல் சீசனில் 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட், இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் நின்றபோது நான் கடையைக் கட்டிவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்கு அவர்களுடைய ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. எதிரணியான கிளீவ்லாண்ட் மிச்சம் மூன்றையும் வென்றது. ஏழாவது ஆட்டம் 93-89. ஆனால் 0-3 என்றால் கதை வேறு. அங்கிருந்து மீண்டு தொடரை வென்ற அணி என்பிஏவில் இல்லை. 2023இல் பாஸ்டன் 3-3 வரை இழுத்துவந்து மயாமியிடம் ஏழாவதில் கோட்டைவிட்டது.

சீசனின் வெற்றி-தோல்விப் பட்டியலை நம்புவதும் இதே ரகம்தான். 82 ஆட்டத்தில் எதிரணி மாறிக்கொண்டே இருக்கும். யாரும் யாரையும் உட்கார்ந்து படிப்பதில்லை. பிளே-ஆஃபில் இரண்டு வாரம் அதே முகங்கள். தடுப்பதில் யார் பலவீனம் என்று கண்டுபிடித்து அவரையே குடைவார்கள். அந்த நாட்களில் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கரி யாரைக் காக்கிறாரோ அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் (தன்னைக் காப்பவரின் வழியை உடம்பால் மறிப்பது) போடச் சொல்வார் கிளீவ்லாண்டில் இருந்த லெப்ரான். காவல் மாறும், கரி லெப்ரான் முன்னால் வந்து நிற்பார். பட்டியல் இதைச் சொல்லாது. 2007இல் 67 வெற்றியோடு வந்த டல்லஸ், எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

காயத்தை மறந்துவிட்டுப் பயிற்சியாளரைத் திட்டுவது இன்னொன்று. 2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் வரிசையாக 27 மூன்று புள்ளி வீச்சுகளைத் தவறவிட்டது. பிடிவாதம் என்று நானும் திட்டினேன்; கொஞ்சம் பிடிவாதம்தான். ஆனால் தொடைத் தசைக் காயத்தால் ஹூஸ்டனின் கிறிஸ் பால் கடைசி இரண்டு ஆட்டமும் ஆடவில்லை. பந்தை வைத்து ஆட்டத்தை நடத்த அந்த அணியின் நட்சத்திரம் ஹார்டனோடு இருந்த இன்னொரு ஆள் அவர்தான்.

கடைசியாக, பாதியில் அணைத்துவிட்டுப் போவது. 2025 இறுதித் தொடரின் முதல் ஆட்டம். நான்காம், அதாவது கடைசி, குவார்ட்டரில் இண்டியானா 15 புள்ளி பின்தங்கியிருந்தது, ஆபீஸுக்கும் நேரமாகிவிட்டது. 0.3 விநாடி மிச்சம் இருக்கையில் இண்டியானாவின் ஹாலிபர்டன் போட்ட பந்தில் 111-110, வெற்றி. அன்று முழு ஆட்டத்திலும் இண்டியானா முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடிதான். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.