பத்துக் கிலோமீட்டர் மிச்சம்: செலே, லொட் ஆற்றங்கரைகளில் சைக்கிள் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் தென்மேற்கில் ஃபிஜாக் நகரை விட்டுக் கிளம்பினால், செலே ஆறு லொட் ஆற்றில் கலக்கும் இடம் வரை டி-41 என்ற சிறிய சாலை உங்களோடு கூடவே வரும். சில இடங்களில் சுண்ணாம்புக்கல் பாறை சாலையின் மேல் கூரைபோலக் கவிந்து நிற்கும். வழியிலுள்ள மார்சியாக்கில் பாதி இடிந்த பெனடிக்ட் துறவியர் மடம் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும். கடந்த மே மாதம் பாரிஸிலிருந்து நான்கு புதியவர்களை அவ்வழியே, லொட் ஆற்றின் மேலுள்ள சான்-சிர்-லாபொப்பி என்ற ஊருக்கு அழைத்துச் சென்றேன். மார்சியாக் பாலத்தருகே அவர்களில் இளையவர் கைபேசியை என்னிடம் நீட்டி, "அண்ணா, பாலத்தைத் தாண்டி இப்படி மேலாலே போனால் பத்துக் கிலோமீட்டர் மிச்சம்" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே பாலத்தடியில், அதே பத்துக் கிலோமீட்டரை மிச்சம்பிடிக்கத்தான் நானும் புறப்பட்டேன்.

டியூபில் ஓட்டை விழுவது, தலைக்கவசம், வெயில் போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆற்றங்கரைப் பயணம் என்றால் சமதளம் என்று எண்ணுவது

ஆற்றை ஒட்டியே போகும்வரை இந்த எண்ணத்தில் பெரிய பிழை இல்லை. ஆனால் செலேயும் லொட்டும் சமவெளியில் ஓடும் ஆறுகள் அல்ல. கோஸ் என்று அவ்வூரார் அழைக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு, இருபுறமும் சுவர்போல் பாறையை நிறுத்திவிட்டு அவை ஓடுகின்றன. எனவே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போவதென்றால், ஏறத்தாழ 200 மீட்டர் ஏறி, மேட்டைக் கடந்து, மறுபடியும் அவ்வளவும் இறங்க வேண்டும். கைபேசித் திரையில் இந்தச் சுவர் ஒரு வெளிர்பச்சைத் திட்டாக மட்டுமே தெரிகிறது.

கணக்கைச் சொல்கிறேன். என் எடையும் சைக்கிளும் இரண்டு பக்கப் பைகளும் சேர்ந்து அன்று 100 கிலோ இருந்தன. அந்தச் சுமையோடு 8 சதவீத ஏற்றத்தில், நாள் முழுதும் மிதிக்கக்கூடிய அளவான பலத்தில் மிதித்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வரும். 200 மீட்டர் உயரத்துக்கு அந்தச் சரிவில் இரண்டரைக் கிலோமீட்டர் சாலை. அதாவது ஏறி முடிக்க 25 நிமிடம். போதாக்குறைக்கு என் முன் பல்சக்கரத்தில் 34 பற்களும் பின்னால் இருந்தவற்றில் பெரியதில் 28 பற்களும் இருந்தன. வெறும் சைக்கிளுக்கு அது போதும். சுமையோடு ஏறுவதற்குப் பின்னாலும் 34 வேண்டும் என்பதை முழங்கால்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நாயோடு உலாவ வந்த முதியவர் ஒருவர் நெடுந்தூரம் என் பக்கவாட்டிலேயே நடந்து வந்தார். நான் மிதித்துக்கொண்டிருந்தேன், அவர் பேசிக்கொண்டிருந்தார்.

மேலே ஏறியதும் துன்பம் தீரும் என்று நினைத்தது அடுத்த பிழை. சுண்ணாம்புக்கல்லில் விழும் மழை வெடிப்புகளின் வழியே உள்ளிறங்கி, கீழே பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வெளிவருகிறது. மேட்டில் ஓடை இல்லை, கடையும் இல்லை. குட்டையான கருவாலி மரங்களும், சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகளும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் கொண்ட செம்மறிகளுமே இருந்தன. இரண்டு போத்தல் தண்ணீரும் மதியம் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது. நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை சைக்கிள் கைப்பிடியின் கறுப்பு நாடாவில் வெள்ளை உப்பாகக் காய்ந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. ஒரு சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாய்தான் என்னைக் காப்பாற்றியது. பிரான்ஸின் ஊர்க் கல்லறைகளில் பூச்செடிகளுக்காகப் பெரும்பாலும் குழாய் இருக்கும். "குடிக்கத் தகாத நீர்" என்ற பிரெஞ்சு அறிவிப்பு இல்லையா என்று பார்த்துவிட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

இறங்கி லொட் ஆற்றைக் கடந்த பிறகும் முடியவில்லை. நான் அறை பதிந்திருந்த சான்-சிர்-லாபொப்பி ஆற்றுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் இருக்கிறது. இடைக்கால ஊர்களில் பல இப்படித்தான். வடக்கே ஓடும் தோர்தோஞ் ஆற்றில் பேனாக் கோட்டையும் காஸ்தெல்னோ கோட்டையும், பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் எதிரெதிர்ப் படைகளின் கையில் இருந்து ஒன்றையொன்று முறைத்தவை. 1281-இல் எழுந்த தொம் நகரமும் அதே ஆற்றுக்கு மேலே குன்றின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழிருந்து ஏறி வருபவன் மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடங்கள் அவை, சைக்கிள்காரனுக்கு அவை விலக்கு அளிப்பதில்லை. நாளின் கடைசி ஊராக அப்படி ஒன்றை வைத்துக்கொண்டால், கால் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் அன்றைய கடுமையான ஏற்றம் வரும். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதே கால். உணவு முடிந்திருந்தது, விடுதி அம்மையார் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தந்தார். மறுநாள் முழங்கால் மடங்கவில்லை. வாடகைக் காரில் காஓர் ரயில் நிலையத்துக்குப் போனேன், முன்பணம் கட்டியிருந்த அடுத்த இரண்டு இரவுகளும் வீணாயின.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, மிஷெலின் சாலை வரைபடம் பையிலேயே இருந்தும் நான் அதைப் பிரிக்கவில்லை என்பதுதான். அதில் சாலைக் கோட்டின் மேல் அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல், அம்பின் முனை ஏற்றத்தின் பக்கம் காட்டும். இப்போதெல்லாம் தூரத்தை மட்டும் பார்த்து நான் ஒரு நாளையும் திட்டமிடுவதில்லை. மொத்த ஏற்றத்தை எடுத்து, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் இரண்டு கிலோமீட்டரைத் தூரத்தோடு கூட்டிக்கொள்கிறேன். இது என் சொந்தக் கணக்கு, இளைஞர்களுக்குச் சற்றுக் குறையலாம். மலையூரில் தங்குவதென்றால் அன்றைய தூரத்தைப் பாதியாக்குகிறேன், அல்லது கீழே ஆற்றோரம் தங்கிவிட்டு மறுநாள் காலையில் பைகளில்லாமல் ஏறுகிறேன்.

பாலத்தடியில் கைபேசியை நீட்டிய தம்பியிடம் இத்தனையையும் சொன்னேன். அவரும் இன்னொருவரும் மேலாலேதான் போனார்கள்.

ஆற்றின் தவறான கரை

பள்ளத்தாக்கில் எது எளிதான கரையோ அதைப் பெருஞ்சாலை முதலில் எடுத்துக்கொள்ளும். லொட் ஆற்றில் காஓரையும் ஃபிஜாக்கையும் இணைக்கும் டி-662, தோர்தோஞ்சில் பேனாக் வழியே போகும் டி-703 ஆகிய இரண்டும் அழகானவைதான், ஆனால் கோடையில் முகாம் வண்டிகள் முழங்கையை உரசுவதுபோல் போகும். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்த ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். குறுகிய வளைவில் அந்த ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வரும்? வரைபடத்தில் எதிர்க்கரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் சாலையைத் தேடுங்கள். அதில் இறங்குமுன் அடுத்த பாலம் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பாலங்கள் அடிக்கடி வருவதில்லை, எதிர்க்கரைச் சாலை பாறையில் முட்டி மேலே ஏறிவிடுவதும் உண்டு.

புதுச் சல்லி

கோடையில் சிறுசாலைகளின் மேல் தாரூற்றிச் சல்லி தூவி, அதை அமுக்கும் வேலையை ஓடும் வண்டிகளிடமே விட்டுவிடுவார்கள். "கிராவியோன்" (சல்லி) என்ற பலகையைக் கண்டால் இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போய் முன் பிரேக்கைப் பிடிப்பவர் விழுவார். நான் இடது தோளில் விழுந்தேன்.

வலப்புறத்திலிருந்து வரும் வண்டி

ஊருக்குள் வேறு குறியீடு இல்லையென்றால் சந்து போன்ற தெருவிலிருந்து வந்தாலும் வலப்புறத்தவருக்கே முன்னுரிமை.

திங்கட்கிழமை

ரொட்டிக்கடை மூடியிருக்கலாம். ஞாயிறு காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

ஆகஸ்ட்

போகாதீர்கள்.

பெஷ் மெர்ல் குகைக்கு முன்பதிவின்றிப் போவது

1922-இல் ஊர்ச் சிறுவர்கள் கண்டுபிடித்த, புள்ளிக் குதிரைகள் தீட்டிய இந்தக் குகை, காப்ரரே ஊருக்கு மேலே இன்னொரு ஏற்றத்தின் முடிவில் இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஏறிப் போய் அனுமதிச் சீட்டு இல்லாமல் திரும்புவதைவிடக் கீழேயே காப்பி குடிப்பது நல்லது.

மிதியில் மாட்டும் காலணி

சான்-சிர்-லாபொப்பியின் தெருக்கள் செங்குத்தானவை, அவற்றின் கற்கள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழப்பானவை. அடியில் பிளாஸ்டிக் கட்டை துருத்தி நிற்கும் காலணியோடு, சைக்கிளையும் தள்ளிக்கொண்டு அங்கே இறங்குவது சறுக்குமரத்தில் இறங்குவதற்குச் சமம். கட்டை உள்ளே பதிந்த, நடக்கத்தக்க காலணியை அணியுங்கள். மே மாதம் மேட்டு வழியே போன இருவரும் இருட்டிய பின் வந்து சேர்ந்தபோது, காலணிகளைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு காலுறையோடு தெருவில் இறங்கி வந்தார்கள். இரவுணவை எடுத்துவைக்கும்படி நான் மாலை ஏழு மணிக்கே விடுதியில் சொல்லியிருந்தேன்.