விக்கிப்பீடியாவில் ஸ்பீனாய்டு எலும்புக் கட்டுரையைச் செம்மைப்படுத்துவது எப்படி?

மண்டையோட்டின் அடித்தளத்தில், நட்ட நடுவில் இருப்பது ஸ்பீனாய்டு எலும்பு. தமிழில் ஆப்புரு எலும்பு. பன்னிரண்டு எலும்புகளோடு இணைவதால் இதைப் பற்றி எழுதுவது கொஞ்சம் சிரமம்தான். நான் இந்தக் கட்டுரையை விரிவாக்கியபோது பின்பற்றிய வழியைச் சொல்கிறேன். கணக்கு தொடங்குவது, ‘தொகு’ பொத்தானைத் தேடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நூல். கிரே உடற்கூறியல் நூலின் 1918ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. அதன் படங்கள் விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளம்) இருக்கின்றன, தாராளமாக எடுக்கலாம். ஆனால் தகவலுக்கு அதை நம்பாதீர்கள். மருத்துவக் கல்லூரிகளில் இப்போது படிக்கும் ஏதாவது ஒரு பாடநூலின் புதிய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளில் பக்க எண் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, மணல்தொட்டியில் (எழுதிப் பார்ப்பதற்கான சோதனைப் பக்கம்) எலும்பின் பகுதிகளை எழுதுங்கள்: நடு உடல், இரண்டு பெரிய இறக்கைகள், இரண்டு சிறிய இறக்கைகள், கீழே தொங்கும் டெரிகாய்டு நீட்சிகள். நடு உடலின் மேற்பரப்பில் உள்ள குழியில்தான் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எலும்பின் இந்த நடு உடலுக்குள்ளே காற்றறை இருக்கிறது. மூக்கு வழியாகப் போய், அந்தக் காற்றறையைக் கடந்து பிட்யூட்டரி கட்டியை அகற்றுகிறார்கள். இதைக் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். எலும்பின் அமைப்பு எதற்கு உதவுகிறது என்று வாசகருக்கு உடனே விளங்கும்.

சரி, இப்போது துளைகள். எனக்கு நிறைய நேரம் பிடித்தது இங்கேதான். பத்தியாக எழுதினால் படிப்பவர் குழம்பிவிடுவார், அட்டவணை போடுங்கள். பார்வை நரம்புக் கால்வாயில் பார்வை நரம்பும் கண் தமனியும் போகின்றன. ஃபோரமென் என்றால் துளை. ஃபோரமென் ரொட்டண்டத்தில் மேல்தாடை நரம்பு, ஓவேலில் கீழ்த்தாடை நரம்பு, ஸ்பைனோசத்தில் நடு மூளையுறைத் தமனி. இந்தக் கடைசி மூன்றும் பெரிய இறக்கையில், முன்னிருந்து பின்னாக வளைந்த வரிசையில் இருக்கும்.

படத்தோடு ஒப்பிடும்போது ஒரு சிக்கல் வரும். மண்டையோட்டைக் கீழிருந்து காட்டும் படத்தில் ஓவேலும் ஸ்பைனோசமும் தெரியும், ரொட்டண்டம் மட்டும் தெரியாது. அது கீழ்நோக்கித் திறப்பதில்லை, முன்நோக்கித் திறக்கிறது. எனவே ரொட்டண்டத்துக்கு மண்டையோட்டின் உட்புறத்தை மேலிருந்து காட்டும் படத்தைப் போடுங்கள்.

ஃபோரமென் லாசரம் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஸ்பீனாய்டில் குடைந்த துளை இல்லை. ஸ்பீனாய்டு, பொட்டெலும்பு, பிடரி எலும்பு மூன்றும் சந்திக்கும் இடத்து இடைவெளி. உயிரோடு இருப்பவர்களிடம் அதன் கீழ்ப்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருக்கும். உட்கழுத்துத் தமனி அதன் மேலாகத்தான் போகிறது, அதற்குள் நுழைந்து வெளியேறுவதில்லை. ‘லாசரம் வழியாகத் தமனி செல்கிறது’ என்ற வரியைக் கட்டுரையில் பார்த்தால், மேற்கோளோடு திருத்திவிடுங்கள்.

கருவி விஷயத்தில் என் விருப்பம் இது: அட்டவணைக்குக் காட்சித் தொகுப்பான் (பக்கம் தெரிகிறபடியே திருத்துவது), வார்ப்புருவுக்கு (தகவல் பெட்டி போன்ற ஆயத்த அச்சு) மூலத் தொகுப்பு (விக்கி நிரல்வரிகளில் திருத்துவது). படங்களில் பாடிபார்ட்ஸ்3டி என்ற முப்பரிமாண உடலுறுப்புப் படத் தொகுப்பின் சுழலும் அசைபடம்தான் எனக்கு முதலிடம். எலும்பு மட்டும் நிறமாகத் தெரிவதால் எந்த இடம் என்று சட்டென்று புரிகிறது. அப்புறம் ‘ஸ்பீனாய்டு’, ‘ஆப்புரு என்பு’ போன்ற பெயர்களுக்கு வழிமாற்று (அந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்குக் கொண்டுவருவது) போட்டு, பகுப்பு சேர்த்து, விக்கித்தரவில் பிறமொழிக் கட்டுரைகளோடு இணைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: கைப்பேசியில் அட்டவணை உடைகிறது என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். நான்கு நெடுவரிசை போட்டால் சின்னத் திரையில் அப்படித்தான் ஆகும். துளை, உள்ளே போவது என்று இரண்டே போதும். மேல் கண்குழிப் பிளவை எங்கே சேர்ப்பது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதே அட்டவணையில் சேர்க்கலாம். ஆனால் அது பெரிய இறக்கைக்கும் சிறிய இறக்கைக்கும் நடுவில் உள்ள பிளவு என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள்.