61-வது பிள்ளை எங்கே? எல்லையோர அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கேட்கும் வழி

பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், உட்கார இடமில்லை, யாரிடம் போய் என்ன கேட்பது? தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பம், கூடலூர், போடி பக்கம் இப்போது பல ஊர்களில் இதுதான் பேச்சு. எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருந்துகொண்டு 2 வகுப்பறைக்காக அலைந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாருக்காவது ஒரு நடை மிச்சமானால் சரி.

முதலில் நான் செய்த தப்பு. 3 பக்கத்துக்கு மனு எழுதினேன். ஏழைக் கூலித் தொழிலாளர் பிள்ளைகள், மழையில் நனைகிறார்கள், ஆடிக்காற்றில் தகரம் பறக்கிறது என்று உருகி உருகி எழுதி, 40 பேர் வேன் பிடித்துப் போய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதில் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை அறை என்பதே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அரசு வகுப்பறை கொடுப்பது தலைக்கணக்கை வைத்து. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறை படித்துவிடுங்கள், சின்னதுதான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர். 6 முதல் 8 வகுப்பு வரை 35 பிள்ளைக்கு ஒருவர். அதே அட்டவணையில் ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை என்றும் இருக்கிறது. சேர்த்துப் பாருங்கள், 60 பிள்ளை இருக்கிற பள்ளியில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரையும் மூன்றாவது அறையையும் சட்டப்படி கேட்கலாம். மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு வரும் ஆண்டு மானியமும் இப்படித்தான், 31 முதல் 100 பிள்ளை வரை 25,000 ரூபாய், 101 ஆனால் 50,000.

அதனால் வேலை அந்த 61-வது பிள்ளையைத் தேடுவதில் தொடங்குகிறது. எல்லையோர ஊர்களில் அந்தப் பிள்ளை பெரும்பாலும் ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில்தான் இருக்காது.

எப்படி என்றால், நம் ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைமேல் கேரளத்து இடுக்கியில் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். சில குடும்பங்கள் மேலேயே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் தங்கிவிடும், பிள்ளைகள் அங்கே படிக்கும். பாட்டிக்கு முடியவில்லை, வேலை குறைந்துவிட்டது என்று ஏதாவது காரணத்தால் வருஷ நடுவில் கீழே இறங்கி வருவார்கள். கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்காது. ‘டிசி வரட்டும், அப்புறம் ஏற்றலாம்’ என்று பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பெயர் ஏற்றாமல் பிள்ளையை மட்டும் உட்கார வைப்பார்கள். சோறு உண்டு, பாடம் உண்டு, கணக்கில் மட்டும் கிடையாது. எங்கள் பள்ளியில் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணியபோது இப்படி 11 பேர் இருந்தார்கள்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, அது 14-வது பிரிவு. இந்த இரண்டு எண்ணையும் தலைமையாசிரியரிடம் சண்டை மாதிரி இல்லாமல் பேச்சுவாக்கில் சொல்லுங்கள், அவருக்கும் மேலே பதில் சொல்ல ஒரு பிடி வேண்டும் இல்லையா. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் முடிவாகும். ஜூன் முதல் வாரத்தில் டிசி கேட்டுப் போனால் அங்கே முகம் சுளிக்கத்தான் செய்வார்கள், ஒரு வாரம் கழித்துப் போங்கள். நம் பக்கம் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்து ஆசிரியர் கணக்குப் பார்ப்பார்கள். ஆக, உங்களுக்கு இருப்பது ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. அந்த ஆறேழு வாரத்தில் எல்லாப் பிள்ளையும் எமிஸில் ஏறியிருக்க வேண்டும்.

கணக்கு சரியான பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ஒரே ஒரு தாள் போதும். எந்த அறை, நீளம் அகலம் எத்தனை அடி, எந்த வகுப்பு உட்காருகிறது, எத்தனை பேர், ஒரே அறையில் இரண்டு வகுப்பு இருந்தால் அது, வராந்தாவில் நடக்கும் வகுப்பு இருந்தால் அது. படம் எடுப்பதென்றால் வாசலில் நின்று, பிள்ளைகளின் முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி எடுங்கள். முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, நெருக்கம் தெரிந்தால் போதும். எங்கள் தாளில் இருந்த ஒரு வரி: ‘4, 5 வகுப்புகள் ஒரே அறை, 47 பேர், நடுவில் பீரோ.’ மூன்று பக்க மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்காத இடத்தில், அந்த பீரோவைப் பற்றி ஒரு அதிகாரி நின்று கேட்டார்.

பழைய கட்டடம் இருந்தால் இன்னும் கவனம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க ஆரம்பித்தார்கள். இடிக்க வேண்டியதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் மேலாண்மைக் குழுவில் இடிப்பதற்கு ஒரு தீர்மானம், கட்டுவதற்கு அப்புறம் ஒரு தீர்மானம் என்று போடாதீர்கள். ‘இடித்துவிட்டு அதே இடத்தில் இத்தனை அறை கட்டித் தர’ என்று ஒரே தீர்மானமாகப் போடுங்கள். இல்லையென்றால் காலி மனை கிடக்கும், பிள்ளைகள் புங்கமரத்தடியில் இருப்பார்கள். கட்டடம் ஆபத்து என்று நாமாக எழுதுவதும் வேண்டாம், ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. நாம் ‘ஆய்வு செய்யக் கோருகிறோம்’ என்று எழுதினால் போதும்.

அடுத்தது இடம். இதில்தான் நிறையப் பள்ளிகள் மாட்டிக்கொள்கின்றன. அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர் யாராவது வாய்வார்த்தையாக ‘பள்ளிக்கூடம் கட்டிக்கோங்க’ என்று கொடுத்த இடமாக இருக்கும், பட்டா இன்னும் அவர் பேரில், இப்போது பேரன் பேத்திகள் 9 பேர். பணம் வந்த பிறகு இதைக் கிளறினால் பணம் திரும்பிப் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி ‘அ’ பதிவேட்டு (நிலம் யார் பேரில் என்று காட்டுவது) நகலும் புலப்பட (இடத்தின் அளவு வரைபடம்) நகலும் இப்போதே வாங்கி வையுங்கள். தனியார் பேரில் இருந்தால் வாரிசுகளை உட்கார வைத்துப் பேசி, தானப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அந்தப் பெரியவர் பேரைக் கட்டடத்தில் கல்வெட்டாக வைப்போம் என்று சொன்னால் பல வீடுகளில் வேலை சீக்கிரம் முடியும்.

யார் கதவைத் தட்டுவது என்பது பள்ளியைப் பொறுத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகவும், வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகம் வழியாகவும். உயர்நிலை, மேல்நிலை என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், கட்டுவது பொதுப்பணித் துறை, பணம் பெரும்பாலும் நபார்டு கடனில். நம் மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உண்டு, அவற்றுக்கு மதுரையில் தனி இணை இயக்குநர். கதவு மாறித் தட்டினால் காகிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பணம் எங்கிருந்து என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய வாசல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-இல் அறிவித்தது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. சுற்றுச்சுவர், கழிப்பறை மாதிரி வேலைக்கு, மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் நல்லது, மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 9 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் 3 லட்சம் போட வேண்டும். முன்னாள் மாணவர்கள் வெளியூரில் வசதியாக இருந்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ரசீது, கணக்கு எல்லாம் ஒழுங்காக வரும், ஊரில் யார் கையிலும் பணம் நிற்காது. வசூல் நோட்டுப் போட்டு ஊர் இரண்டாகப் பிரிந்த கதையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் வேண்டாம். மேலே கேரளத்தைப் பாருங்கள் என்று மனுவில் எழுதாதீர்கள். எல்லைக்காரர்களுக்கு இது கைவந்த பேச்சு. அங்கே 2017-இல் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கி, கிஃப்பி என்ற அந்த மாநிலக் கட்டமைப்பு நிதி வாரியத்தின் நிதியில் பள்ளிக்கு 5 கோடி, 3 கோடி, 1 கோடி என்று வகை பிரித்துக் கட்டினார்கள், உண்மைதான். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மனுவில் எழுதினால் ‘அப்ப அங்கேயே சேர்த்துடுங்க’ என்று பதில் வரும். எனக்கு வந்தது.

தீர்மானம் இப்படி இருந்தால் போதும்: ‘இப்பள்ளியில் 1 முதல் 5 வகுப்பு வரை 94 மாணவர்கள் எமிஸ் பதிவின்படி பயில்கின்றனர். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 4 வகுப்பறைகள் தேவை. பயன்பாட்டில் உள்ளவை 2. மேலும் 2 வகுப்பறைகள் கட்டித் தர இக்குழு ஒருமனதாகக் கோருகிறது.’ கீழே கையெழுத்துகள். இதையே கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது. கிராம சபைத் தீர்மான நகலும் சேர்ந்தால் அந்தக் காகிதத்துக்கே எடை கூடிவிடும். அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு 2 பேர் மட்டும் போங்கள், வேன் வேண்டாம். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் ஊரில் அந்தப் பெண்கள் எல்லாம் தோட்டத்துக்குப் போனவர்கள். மதியம் 3 மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வரும். அதனால் மதியக் கூட்டம் போக, ஜீப் திரும்பிய பிறகு கோயில் திண்ணையில் ஒரு முறை உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். எங்கள் ஊரில் பீரோவை முதலில் சொன்னது அப்படி வந்த ஒரு அக்காதான்.

இனி பிள்ளைகளின் சாதனை. இதற்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அடுத்த வருஷம் பிள்ளை சேருவது இதை வைத்துத்தான், சேர்ந்தால்தான் கணக்கு. ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று வாசலில் பேனர் கட்டுவதால் பெரிய பயன் இல்லை, பக்கத்து ஆங்கிலப் பள்ளியும் அதையேதான் கட்டியிருக்கும். பெற்றோருக்குப் புரிவது ரூபாய்க் கணக்கு. 8-ஆம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் ஒரு பிள்ளை தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம், பெரும்பாலான வீடுகள் உள்ளேதான் வரும். தேர்வானதோடு விட்டுவிடாமல் ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், மறந்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு சார்ட்டில் ‘இந்தப் பள்ளி, இத்தனை பேர், பிள்ளைக்கு 48,000’ என்று எழுதி, ஜீப் நிற்கிற டீக்கடையில் ஒட்டுங்கள். பேரும் படமும் போடுவதென்றால் வீட்டில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லைக்காரர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும், உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கும் (1,000 ரூபாய்த் திட்டங்களுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததும் சேரும்). இடையில் ஒரு வருஷம்தானே என்று ஏழாம் வகுப்பை மேலே கேரளத்தில் படிக்க வைத்தால் அங்கே சங்கிலி அறுந்துவிடும். அங்கே படிப்பு மோசம் என்று சொல்லவில்லை, நிரந்தரமாக அங்கேயே இருப்பவர்கள் தாராளமாகப் படிக்க வைக்கட்டும். ஏறி இறங்கும் குடும்பங்கள் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, பணம் வந்து வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் நகல் கேட்டு வாங்குங்கள், சாய்தளம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சக்கர நாற்காலிப் பிள்ளை வந்த பிறகு தேடக் கூடாது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒருநாள், கம்பி கட்டி முடித்து கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் ஒருநாள், குழுவில் யாராவது போய் நின்று படம் எடுங்கள். ஒப்பந்ததாரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், சந்தேகம் என்றால் பொறியாளருக்குப் படத்தை அனுப்புங்கள்.

நம் பள்ளத்தாக்கில் முக்கியமானது தண்ணீர். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்குத் தளத்தில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போகும். தளத்தில் பாத்தி கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, குறைந்தது 10 நாளாவது காயாமல் வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வரமாட்டார். எங்கள் தளம் போட்ட வாரம், ஜீப்பிலிருந்து இறங்கிய ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி, செல்போன் வெளிச்சத்தில் 4 குடம் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.