வீட்டுக் கணினிக்கு வேகமான டிரைவ்: சாட்டாவா, என்விஎம்இயா?

கணினி மெதுவாகிவிட்டது என்று புது டிரைவ் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் மதர்போர்டு, அதாவது கணினியின் முதன்மைப் பலகை, எந்த இணைப்பை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள்: டிரைவை இணைக்கும் பழைய முறை சாட்டா, அதைவிட வேகமான புது முறை என்விஎம்இ. அதைப் பார்க்காமல் வாங்குவதால்தான் பெரும்பாலும் பணம் வீணாகிறது.

முதலில், இப்போது இருப்பது என்ன டிரைவ் என்று அறிய வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதன் கீழ் எச்டிடி (தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்று இருக்கும். எச்டிடி என்றால் இணைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. சாட்டாவின் மூன்றாம் தலைமுறையான சாட்டா 3, நொடிக்கு ஏறத்தாழ 600 எம்.பி. வரை கடத்தும், நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. சிறு சிறு கோப்புகளைப் படிக்கும்போது, ஊசிமுனை ஒவ்வோர் இடத்துக்கும் நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த வேகமும் ஓரிரு எம்.பி.யாகச் சரிந்துவிடும். விண்டோஸ் திறக்கத் தாமதமாவது இதனால்தான்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து போர்டின் மாடலைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அதன் கையேட்டைப் படியுங்கள். எம்.2 ஸ்லாட் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்) இல்லையென்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும்.

எம்.2 இருந்தால் இன்னும் கவனம் தேவை. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். தங்க முலாம் பூசிய விளிம்பில் பெரும்பாலும் சாட்டாவுக்கு இரண்டு வெட்டுகளும் என்விஎம்இக்கு ஒரு வெட்டும் இருக்கும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டிலும் சாட்டா அட்டை கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. எம்.2-ஐப் பயன்படுத்தினால் ஏதேனும் சாட்டா போர்ட் செயலிழக்குமா என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள்.

பிசிஐஇ என்ற தரவுப் பாதையின் மூன்றாம் தலைமுறையைப் பயன்படுத்தும் என்விஎம்இ நொடிக்குச் சுமார் 3500 எம்.பி. வரையும், நான்காம் தலைமுறையைப் பயன்படுத்துவது சுமார் 7000 எம்.பி. வரையும் தரும். நான்காம் தலைமுறை டிரைவ் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் இயங்கும், அந்த ஸ்லாட்டின் வேகத்தில். இணையம், கணக்கு வழக்கு, புகைப்படங்கள் என்ற அளவில் பயன்படுத்துவோர் எச்டிடியிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது உணரும் வித்தியாசத்தை, சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது உணர மாட்டார்கள். அவர்கள் அந்தப் பணத்தைக் கூடுதல் கொள்ளளவுக்குச் செலவிடுவதே நல்லது என்பேன்.

பொருத்தும் முன் மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். எம்.2 அட்டையைச் சாய்வாகச் செருகினால் மறுமுனை சற்றுத் தூக்கி நிற்கும். அதை மெல்ல அழுத்தி, சிறு திருகால் இறுக்குங்கள். சாட்டா எஸ்எஸ்டியாக இருந்தால், பொருத்திய பின் டிரைவின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோடைப் பாருங்கள். சாட்டா/300 என்று காட்டினால், இணைப்பு பாதி வேகத்தில்தான் இயங்குகிறது; போர்டில் சாட்டா 3 போர்ட் வேறு உள்ளதா என்று தேடி, கேபிளை அதற்கு மாற்றுங்கள்.