அவசர வைத்தியத்தில் கெடும் துணிகள்

கறை பட்ட சேலையைவிட, கறையை எடுக்க முயன்றதில் கெட்ட சேலையே எங்கள் சலவைக் கடைக்கு மிகுதியாக வருகிறது. தொழில் பழக வரும் இளைஞர்களும், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்த பிறகு, சிலவற்றையேனும் எழுதிவைக்கத் தோன்றியது. சாயம் போகும் துணியை வெள்ளைத் துணியோடு ஊறவைக்கக் கூடாது என்பது போல எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டில் பட்ட கறையை ஈரத்துணியால் தேய்ப்பது

கல்யாணப் பந்தியில் சாம்பார் சிந்தியதும், பக்கத்து இலைக்காரர் தண்ணீர் டம்ளரை நீட்டுவார். இன்னொருவர் கைக்குட்டையை நனைத்து, பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் தேய்ப்பார். பட்டு நனைந்தால் வலுக் குறையும். அந்த நிலையில் தேய்க்கும்போது இழையின் மேற்பரப்பு நுண்ணிய சிம்புகளாகப் பிரிந்துவிடுவதால், ஒளி சிதறி அவ்விடம் வெளுத்தது போலத் தெரிகிறது. கறையை அநேகமாக எடுத்துவிடலாம்; இந்த வெளுப்பை டிரை வாஷும் எடுக்காது, பாலிஷ் போட்டாலும் சற்று மங்குமே தவிர மறையாது.

சென்ற முகூர்த்தக் காலத்தில் ஒரு தாயும் மகளும் அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முந்தானையில் விழுந்தது ஒரு கரண்டி ரசம்கூட இராது. தேய்த்த இடமோ உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருந்தது. கறை போய்விட்டது, இந்த வெள்ளையை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். முடியாது என்று சொன்னதும் எனக்கு வேலை தெரியாது என்றே முடிவுகட்டியிருப்பார்கள். அவர்கள் போன பின் பார்த்தால், எங்கள் கடைப் பையனே உள்ளே மேசைமேல் வேறொரு பட்டை வைத்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

கெட்டியாக இருப்பதைக் கரண்டிக் காம்பால் வழித்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியை மேலும் கீழும் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முகப் பவுடரைத் தூவி, சில மணி நேரம் விட்டுத் தட்டிவிடலாம். அதற்குமேல் கை வைக்காமல், என்ன சிந்தியது, எப்போது சிந்தியது என்பதைச் சொல்லிச் சலவைக்குக் கொடுப்பதே முறை.

மஞ்சள் கறை சிவந்ததும் பதறுவது

மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நீர் சிவப்பதைப் போலத்தான், சோப்பிலுள்ள காரம் பட்டதும் மஞ்சள் கறை சிவக்கிறது. நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பும். வெள்ளைப் பருத்தியானால் துவைத்து வெயிலில் போடுங்கள்; மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே மங்கும். பட்டுக்கு இந்த வெயில் வைத்தியம் ஆகாது. பதற்றத்தில் குளோரின் கலந்த வெளுப்பானைப் பட்டின்மேல் ஊற்றுவது அதைவிடக் கொடியது, ஏனெனில் அது இழையையே கரைத்துவிடும்.

இரத்தக் கறைக்கு வெந்நீர்

கூடாது. குளிர்ந்த நீர் மட்டுமே.

இழுபட்ட இழையை வெட்டுவது

வளையலிலோ கதவிலோ மாட்டி வெளியே வந்த இழையைக் கத்தரித்தால், சில நாளில் அங்கே ஓட்டை விழும். ஊசியால் அதை மறுபக்கத்துக்குத் தள்ளி, துணியை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல இழுத்துவிட்டால், பெரும்பாலும் இழை தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

இறுகிய ஜிப்பை இழுப்பது

மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

சாயம் ஏறிய துணியைக் காயவிடுவது

ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டால், காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொடியில் போடுவார்கள். ஈரம் இருக்கும்போதே அதைத் தனியாகப் பிரித்து, சோப்புத்தூள் கரைத்த நீரில் மீண்டும் ஊறவைத்து அலசினால், ஏறிய சாயத்தில் பெரும்பகுதி வெளியேறக்கூடும். காய்ந்து, அதன்மேல் இஸ்திரியும் போட்ட பிறகு எங்களிடம் கொண்டுவருகிறவர்களுக்கு, அடர்ந்த நிறத்தில் சாயம் முக்கிக் கொள்ளுங்கள் என்பதைத் தவிர வேறு யோசனை சொல்ல முடிவதில்லை.