பத்து கிலோமீட்டர் என்றால் பத்து கிலோமீட்டர்தான்

என் அக்கா ஒரு மணி நேரத்துக்குள் பத்து கிலோமீட்டர் ஓட ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்தார். ஒரு பந்தயத்தில் 59 நிமிடத்தில் முடித்து, எல்லைக்கோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பாதை 300 மீட்டருக்கும் மேல் குறைவு. காரில் போய் மீட்டரைப் பார்த்து அளந்திருக்கிறார்கள். மெடல் பீரோவுக்குள் போனது, வெளியே வரவே இல்லை. நான் பாதை அளக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பந்தயம் நடத்தப் போகிறவர்கள் முதலில் கார் மீட்டர், ஜி.பி.எஸ். கைக்கடிகாரம், கூகுள் மேப் மூன்றையும் ஓரமாக வையுங்கள். உலகத் தடகள அமைப்பும் பன்னாட்டு மாரத்தான் சங்கமும் ஏற்பது அளவு சரிபார்த்த சைக்கிளை மட்டுமே. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 23.6 எண்ணிக்கை ஓடும், அதாவது ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். சான்றிதழ் வேண்டுமானால் இந்த அமைப்புகள் அங்கீகரித்த ஏ அல்லது பி தர அளவீட்டாளரை முன்கூட்டியே அழையுங்கள். அவர் வருவதற்குள் காவல்துறை எந்தப் பக்கத்துச் சாலையை மூடித்தரும் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பாதி சாலையா, முழுச் சாலையா என்பது மாறினால் தூரமும் மாறும்.

நாங்கள் அளந்தது சென்னையில் உழைப்பாளர் சிலையில் தொடங்கி, சாந்தோம் வழியாகப் பட்டினப்பாக்கம் தாண்டித் திரும்பி வரும் பாதை. நேப்பியர் பாலத்தில் தொடங்கி பெசன்ட் நகரில் முடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் நேர்க்கோட்டில் விலகியிருந்தால் சாதனையாகப் பதிய மாட்டார்கள்.

முதல் வேலை, சைக்கிளைச் சரிபார்க்கக் காமராஜர் சாலையில் நேரான 300 மீட்டரை ஸ்டீல் டேப்பால் அளப்பது. இதில்தான் பொறுமை வேண்டும். 50 மீட்டர் டேப்பை ஆறு முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் தராசை மாட்டி ஐந்து கிலோ இழுவையில் பிடிக்க வேண்டும். டேப் 20 டிகிரி வெப்பத்துக்குச் செய்யப்பட்டது. விடியற்காலையிலேயே நம்மூரில் தரை 30 டிகிரி இருக்கும். அந்தப் பத்து டிகிரியில் இரும்பு நீள்வதால், டேப் 300 என்று காட்டும் இடம் உண்மையில் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். முனையை அவ்வளவு பின்னுக்கு இழுத்து ஆணி அடித்தோம்.

அந்த ஆணிகளுக்கு நடுவே சைக்கிளை நான்கு முறை ஓட்டினேன். சராசரி 3,377 எண்ணிக்கை. அதைக் கிலோமீட்டருக்கு மாற்றி 1.001 ஆல் பெருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டுவது, பாதை எக்காரணம் கொண்டும் குறையக் கூடாது என்பதற்காக. பத்து கிலோமீட்டருக்கு வந்தது 112,679.

பிறகு அந்த எண்ணிக்கை வரும் வரை பாதையை ஓட்டுவது. ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் போக வேண்டும். வளைவில் பிளாட்பாரக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர், ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு நேராகக் குறுக்கே. ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினாலும் சாந்தோமில் ஓரமாக ஒரு ஆட்டோ நிற்கும். அப்போது வளைந்து ஓட்டிவிடாதீர்கள். பிரேக் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டி, சைக்கிளைத் தூக்கிப் பக்கவாட்டில் வையுங்கள். ஆட்டோவைத் தாண்டியதும் அதேபோல் பழைய கோட்டுக்குத் திரும்புங்கள். பின்னால் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வரட்டும், அந்த நேரத்து லாரிகள் யாருக்கும் நிற்காது.

அளந்து முடித்ததும் மறுபடி 300 மீட்டருக்கு வந்து நான்கு முறை ஓட்ட வேண்டும். வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியும், சக்கரம் சற்றே பெரிதாகும், எண்ணிக்கை குறையும். எனக்கு 3,374 வந்தது. இரண்டின் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் பாதை 4.4 மீட்டர் கூடுதல். திரும்பும் இடத்தைத் தொடக்கத்தை நோக்கி 2.2 மீட்டர் இழுத்தோம். மறுபடி ஓட்டும் இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பொறுக்காது.

தொடக்கம், முடிவு, திரும்பும் இடம் மூன்றிலும் ஆணி அடித்து, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் அங்கிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் எழுதி வையுங்கள். மறுவருடம் புதுத் தார் போட்டால் ஆணி அடியில் போய்விடும், கம்பம்தான் காப்பாற்றும். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும், பாதையை மாற்றாத வரை.

பந்தயத்தன்று திரும்பும் இடத்துக் கோனை யாராவது பத்து மீட்டர் முன்னால் வைத்தால் பாதை இருபது மீட்டர் குறைந்துவிடும். அங்கே நம்பிக்கையான ஒருவரை நிறுத்துங்கள். அவர் போனில் அந்த ஆணியின் போட்டோவும் கம்ப எண்ணும் இருக்கட்டும். முதல் ஆள் வந்து திரும்பும் வரை அவர் கோனை விட்டு நகரக் கூடாது, கடைசி ஆள் போகும் வரையும்தான்.