அம்மாயியின் சாம்பலும் நம் அடுப்புச் சாம்பலும்

எங்கள் அம்மாயி கடைசிவரை சாம்பலில்தான் பாத்திரம் விளக்கினார். ஒரு சிரட்டைச் சாம்பல், ஒரு பிடி பொச்சு (தேங்காய் நார்), குழாய் வழி வரும் பீலித் தண்ணீர். சாமான் விலை ஏறியபிறகு இலங்கை மலையகத்தில் பல வீடுகள் மறுபடியும் சாம்பலுக்கும் தேசிக்காய்க்கும் அப்பச்சோடாவுக்கும் திரும்பியிருக்கின்றன. எனக்கு அதில் மெத்த சந்தோஷம். ஆனால் அம்மாயியின் அடுப்பில் எரிந்தது கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, மட்டும். நம் அடுப்பில் என்ன எரிகிறது?

மழைக்காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விறகு காய்வதே இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற அவசரத்தில், ஈர விறகு பிடிக்கட்டும் என்று ஒரு சொப்பிங் பேக்கையோ பிஸ்கட் உறையையோ அடுப்பில் சொருகிவிடுகிறோம். குப்பையும் போச்சு, அடுப்பும் பிடிச்சாச்சு. நான் காணும் தவறுகளில் இதுதான் பெரியது. சன்னல் சாத்திய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குசினியில் அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது அடுப்படியில் குளிர்காய உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது முழுவதும் புகையோடு போய்விடுவதில்லை, சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலை எடுத்துத்தான் சோற்றுத் தட்டை விளக்குகிறோம். பிளாஸ்டிக்கை வெளியில் குவித்து எரிப்பதற்கு 2017 செப்டெம்பரில் இருந்து நாட்டில் தடை இருக்கிறது. அடுப்புக்குள் எரிப்பதை நாமேதான் நிறுத்த வேண்டும்.

சாம்பலைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல விறகுச் சாம்பல் விரலிடுக்கில் மாவு போல நழுவும். உருகி இறுகிய கறுப்புக் கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும் அந்தச் சாம்பல் பாத்திரத்துக்கும் வேண்டாம், கீரைப் பாத்திக்கும் வேண்டாம். சலித்தாலும் நஞ்சு போகாது. அடுப்பு பிடிக்க வேறு வழி இல்லையா என்றால், உண்டு. சுண்டுவிரல் பருமனில் மிலாறை ஒடித்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாளில் முறுமுறுவென்று காய்ந்துவிடும். காய்ந்த பொச்சும் அப்படித்தான்.

நல்ல சாம்பலாக இருந்தாலும் அலுமினியச் சட்டியில் கரைத்து இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். சாம்பல் கரைசல் காரத்தன்மை உள்ளது. அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

அடுத்தது, அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றி நுரை பொங்கினால் அழுக்கு கரைகிறது என்று நம்புவது. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்து மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் ஒருவகை உப்பும்தான். பொங்குவது கரியமில வாயு. காசு கொடுத்து வாங்கிய இரண்டும் வீண். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகத் தேயுங்கள், கேத்தலின் உள்ளே படிந்த வெள்ளைப் படிவுக்கு வினாகிரியைத் தனியாக ஊற்றுங்கள். சீமெந்துத் தரையில் வினாகிரியோ தேசிக்காயோ வேண்டாம், தரையை அரிக்கும்.

காசு வீணாவதை விட மோசமான கலவை ஒன்று இருக்கிறது. பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அசிட்டையோ, வினாகிரியையோ, தேசிக்காய்ச் சாற்றையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு சின்னக் கழிப்பறைக்குள் நின்று தேய்க்கிற நமக்கு அது நேரே நெஞ்சைப் பிடிக்கும். கண் எரிந்து இருமல் வந்தால் கழுவி முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

மருந்து கேன் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். தேயிலை மலையில் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்து அடித்து முடிந்த கேனை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு தடவை கழுவி, தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் மருந்தை உள்ளே உறிஞ்சி வைத்திருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. காலியான கேனை மூன்று முறை கழுவச் சொல்வார்களே, அது அந்தக் கழுவிய நீரையும் தெளிப்பு டாங்கியிலேயே ஊற்றி அடிப்பதற்காக. பிறகு கேனில் ஓட்டை போட்டுவிட வேண்டும். பீலியடியில் கழுவினால் அது கானில் (வடிகாலில்) இறங்கி ஓயாவுக்கு, அதாவது ஆற்றுக்கு, போகும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, கொழும்பில் இருக்கும் நம் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். உரச்சாக்கில் அரிசி, மாவு கொட்டி வைப்பதும் இதே கதை.

சோடா போத்தலில் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள். வீட்டில் காய்ச்சிய பூந்திக்கொட்டைத் தண்ணீரையும் அதில் வைக்காதீர்கள், பார்க்கக் குடிக்கிற பானம் போலவே இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை போத்தலைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது. பூந்திக்கொட்டை துணிக்கு அருமையானது. இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான அளவு மட்டும் காய்ச்சினால் போதும், வைத்திருந்தால் புளித்து நாறும். ஆனால் அந்த நுரை மீனுக்கு நஞ்சு. காட்டில் காய்த்ததுதானே என்று ஓடையில் கொட்டிவிட வேண்டாம்.

அதே சோடா போத்தலில் பத்து மணித் தேத்தண்ணியைச் சுடச்சுட ஊற்றி மலைக்குக் கொண்டுபோகிறோம். 70 பாகை செல்சியஸ் அளவிலேயே அந்தப் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். ஊற்றியதும் போத்தல் இடுப்பொடிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். ஒரு எவர்சில்வர் போத்தல் வாங்கச் செலவாகும், மெய்தான். மாதச் செலவில் ஒன்றைத் தள்ளிவைத்தாவது இதை வாங்குங்கள் என்பேன். நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

மற்றபடி, பிளாஸ்டிக்கைக் குறைக்கிறேன் என்று வீட்டில் இருக்கும் நல்ல பேசினையும் வாளியையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மூங்கில் சாமான் வாங்காதீர்கள். இருப்பது உடையும்வரை உழைக்கட்டும். யோகட் கப்பில் நாற்றுப் போடலாம், ஆனால் அடியில் ஓட்டை போடாமல் வாசலில் வைத்தால் மழைநீர் தேங்கி நுளம்பு முட்டையிடும்.

துணிப்பை எல்லாரிடமும் இருக்கிறது. கடைக்குப் போகும்போது மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுகிறது. பழைய சேலையில் தைத்த பையைக் கதவோரம் குடை தொங்கும் ஆணியில் மாட்டினேன். எங்கள் ஊரில் குடையில்லாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை, இப்போது பையும் கூடவே வந்துவிடுகிறது.